செலவுக் கணக்கு ஒன்று சொல்கிறது, சாலை வேறொன்று சொல்கிறது

கேள்வி: எங்கள் காருக்கு 14 வயது ஆகிறது. அப்போது புதிதாகவே வாங்கிய பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். 1,82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றும் தவணையை நான் தவறவிட்டதில்லை. ரசீதுகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இப்போது மெக்கானிக் மூன்று வேலைகள் சொல்கிறார். கிளட்ச் செட் மாற்ற வேண்டும். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் தேய்ந்துவிட்டன. ஏசி கம்ப்ரஸர் போய்விட்டது. மொத்தச் செலவு, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் பாதியைத் தாண்டுகிறது. 'பாழுங்கிணற்றில் பணத்தைக் கொட்டாதீர்கள், விற்றுவிடுங்கள்' என்கிறார் என் மைத்துனர். 'ஒருநாளும் நம்மை நடுவழியில் விட்டதில்லை, கெட்டியான பழைய வண்டி, புதுக் கார்களைவிட இதுதான் பாதுகாப்பு' என்கிறார் மனைவி. வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். அடுத்த மாதத்திலிருந்து இதை ஓட்டப்போவது என் மகள். புதிய வேலை, ஒரு வழிக்கு 40 கிலோமீட்டர், பெரும்பகுதி நெடுஞ்சாலை, இரவு ஷிப்டும் உண்டு. அவள் உரிமம் வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. வண்டியில் ஏபிஎஸ்ஸும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்குகளும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தில் முக்கால் பங்கு பழுதுச் செலவைப் பற்றி எழுதிவிட்டு, மகளைப் பற்றிக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். முடிவு செய்யப்போவது அந்தக் கடைசி வரிகள்தான். இருந்தாலும் செலவுக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். அதில் உங்கள் மைத்துனர் சொல்வது தவறு. உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி.

'பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு' என்பது பட்டறை வாசலில் அடிக்கடி காதில் விழும் விதி. கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, அதற்கு அடிப்படை இல்லை. பழைய வண்டியின் சந்தை விலை, முன்பின் தெரியாத ஒருவர் சந்தேகத்தோடு கொடுக்கும் விலை. நீங்கள் 14 ஆண்டுகள் தவணை தவறாமல் ஆயில் மாற்றியது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்காகப் பெரிதாக எதையும் கூட்டிக் கொடுக்கமாட்டார். அந்த வண்டி உங்களுக்குச் செய்யும் வேலையோ அப்படியே இருக்கிறது. ஆகவே பழுதுச் செலவை விற்பனை விலையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. இந்த வண்டியை இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்ட மொத்தம் எவ்வளவு ஆகும், வேறு வண்டி வாங்கி அதே மூன்று ஆண்டுகள் ஓட்ட மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் ஒப்பிட வேண்டும்.

தொகைகளைப் பங்குகளாக மாற்றிக்கொள்கிறேன். உங்கள் கார் இன்று விற்கும் விலை 100 என்று வையுங்கள். மெக்கானிக் சொன்ன வேலைகளுக்கு 60. அதன்பின் ஆயில், டயர், பிரேக், எதிர்பாராத சில்லறை வேலை என்று ஆண்டுக்கு 25 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 75. மூன்று ஆண்டுகளில் வண்டியின் விலை 100லிருந்து 60க்கு இறங்கினால் இழப்பு 40. எல்லாம் சேர்த்து 175.

மறுபக்கம், ஓரளவு புதிய வண்டி ஒன்று 400க்கு வாங்குகிறீர்கள். பழையதை விற்ற 100 போக மீதி 300 கடன். மூன்று ஆண்டுகளில் அதன் விலை 280 ஆகிவிட்டால் இழப்பு 120. கடனுக்கு வட்டி 60 என்று வையுங்கள். பராமரிப்பு 30. காப்பீட்டில் கூடுதலாக 20. மொத்தம் 230. வட்டியும் காப்பீடும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விலை இறக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கையிலிருந்து காசாகப் போகாத செலவு என்பதால், கார் வாங்கும் எவரும் அதை எழுதிவைப்பதில்லை. ஆனால் புதிய வண்டி வாங்குபவருக்குப் பெரும்பாலும் மிகப் பெரிய செலவு அதுதான். அதிலும் முதல் சில ஆண்டுகளில்தான் விலை வேகமாகச் சரிகிறது.

இந்தக் கணக்கில் பழைய வண்டி 55 பங்கு லாபம். மைத்துனரிடம் காட்டுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 55 ஒரு கியர்பாக்ஸ் வேலையில் போய்விடக்கூடிய தொகை. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் இன்ஜினின் தலைப்பகுதிக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய் இன்ஜினைத் திறக்க வேண்டி வந்தாலும் போய்விடும். மெக்கானிக் கொடுத்த மூன்று வேலைப் பட்டியல் உங்களுக்குத் தெரிந்த செலவு. தெரியாத செலவு ஏதாவது உள்ளே காத்திருக்கிறதா என்று பார்க்காமல் 60ஐக் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து.

அந்த மூன்று வேலைகளைப் பற்றி நீங்கள் கலங்க வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். 1,82,000 கிலோமீட்டரில் அதை மாற்றச் சொல்வது, நீங்கள் காலை அதன்மேல் வைத்துக்கொண்டே ஓட்டாதவர் என்பதைத்தான் காட்டுகிறது. லோயர் ஆர்ம் புஷ் என்பது சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதானால் வெடிப்பு விடும். புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினால் ஓட்டும் உணர்வு புது வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 'வண்டி தளர்ந்துவிட்டது, ஆட்டம் கண்டுவிட்டது' என்று சொல்லி விற்கிறவர்களில் பலர் உண்மையில் விற்பது நான்கு புஷ்களையும் இரண்டு ஷாக் அப்சார்பர்களையும்தான். கம்ப்ரஸர் மட்டும் விவாதத்துக்குரியது. அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் எடுக்கிறது. மழையிலும் பனியிலும் கண்ணாடியில் படியும் மூட்டத்தை நொடிகளில் போக்குவது அதுதான். இரவில் ஓட்டுகிறவருக்கு அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இனி சோதனை. உங்கள் மெக்கானிக் நல்லவராகவே இருக்கட்டும். இந்தச் சோதனைக்கு வேறு பட்டறைக்குப் போங்கள். சோதனைக்கு மட்டும் கூலி தருவதாகவும், வேலையை அங்கே கொடுக்கப்போவதில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்காது என்று தெரிந்தவரின் வாயிலிருந்து வரும் பட்டியல் சுருக்கமாக இருக்கும்.

வண்டியை லிப்டில் ஏற்றச் சொல்லுங்கள். இன்ஜினுக்கு முன்பாகத் துருவைப் பாருங்கள். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடற்கூடுதான் சேசிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பட்டை, ஜாக்கி வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் வந்து உடலோடு சேரும் இடங்கள், பின்சக்கரத்தின் உள்வளைவு ஆகிய நான்கையும் திருப்புளியின் கைப்பிடியால் தட்டச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருப்பிடித்த தகடு மந்தமாகச் சத்தம் எழுப்பும். கொஞ்சம் அழுத்தினால் பெயின்ட் பொருக்காக உதிரும், சில சமயம் திருப்புளியே உள்ளே இறங்கிவிடும். மேலே தடவிய கறுப்புப் பூச்சைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது துருவைத் தடுத்துமிருக்கலாம், மறைத்துமிருக்கலாம். பிறகு உள்ளே வந்து முன்பக்கக் கால்மிதியையும் அதன் கீழ்க் கம்பளத்தையும் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள்; தரைத்தகடு உள்ளிருந்து அரிபட்டுக்கொண்டிருக்கும். அடியில் ஓடும் பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்துரு துடைத்தால் போய்விடும். குழி விழுந்த குழாய் ஒருநாள் மிதியை அழுத்தும்போது வெடிக்கும்.

சஸ்பென்ஷன் சேரும் இடத்தில் தகடு அரித்திருந்தால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். ஒட்டுப்போட்ட உடல் விபத்தில் எப்படி மடங்கும் என்று வெல்டிங் வைத்தவருக்கும் தெரியாது.

உடல் தேறிவிட்டால் இன்ஜின். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்மஞ்சளாக, குழைந்த பசைபோல ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. சிறிய தூரமே ஓடும் வண்டியில் இன்ஜின் சூடேறாமல் வெறும் ஈரம் படிந்தும் அப்படி வரும், எனவே அதைப் பார்த்த மாத்திரத்தில் பயந்துவிட வேண்டாம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அடிக்கடி குறைகிறதா, அடியில் சொட்டும் இல்லையே என்று குழம்பியிருக்கிறீர்களா? அப்படியானால் கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்து, எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறமாற்றத்தால் காட்டும் எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறினால் ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு. சிலிண்டர்களில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், அளக்கட்டும். எண் எவ்வளவு என்பதோடு, நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் கேளுங்கள்.

புகையும் பேசும். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்மானம். சில ஆண்டுகள் அதோடே ஓடலாம். ஓடும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்குகள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் இன்ஜினுக்குப் புதுக் கிளட்ச் போடுவது வீண். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

வால்வுகளை பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைப்பது உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் அதைக் கடைசியாக மாற்றிய ரசீதை இன்றே கோப்பில் தேடுங்கள். கிலோமீட்டரோடு ஆண்டுக்கணக்கும் அதற்கு உண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும், இடைவெளியைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். பெல்ட்டுக்குத் தயங்கியவர் இன்ஜினுக்குக் கொடுப்பார். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் சொன்ன மூன்று வேலைகளுக்கு முன்னால் இது வரும்.

டயரை மறந்துவிடாதீர்கள். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளின் வரிசை முடியும் இடத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடி, பட்டை ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கார் தயாரிப்பாளர்கள் பலர் ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்கிறார்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். 14 ஆண்டு வண்டிகளில் ஸ்டெப்னிக்கும் பெரும்பாலும் 14 வயதுதான். பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்கிறது அதே தரம். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது அந்த 75 டிகிரி வித்தியாசம் பெரியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலிவான வேலை.

கிலோமீட்டர் கணக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற ஆசிரியர் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013இல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார். பழைய வண்டிப் பிரியர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர் தவணை தவறாமல் பராமரித்தவர் என்பது சரி. ஆனால் அவர் ஓட்டியதில் பெரும்பகுதி நெடுந்தூர ஓட்டம். இன்ஜின் நன்றாகச் சூடேறி, கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் வேலையில்லாமல் ஒரே வேகத்தில் போகும் ஓட்டம். நெரிசலில் ஊர்ந்து, ஐந்து கிலோமீட்டரில் நின்றுவிடும் வண்டிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் அதைவிடக் கொடியது. நீங்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரி 13,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள். உங்கள் மகள் நாளுக்கு 80 கிலோமீட்டர் போனால் மாதம் 22 வேலை நாளுக்கு ஆண்டுக்கு 21,000ஐத் தாண்டும். இன்ஜின் அதைத் தாங்கும். நெடுஞ்சாலை அதற்கு இதமாகவும் இருக்கும். ஆனால் நான் மேலே போட்ட ஆண்டுக்கு 25 என்ற பராமரிப்பு உயரும். 55 பங்கு லாபத்தில் கணிசமான துண்டு அங்கேயே போய்விடுகிறது.

இப்போது மகளுக்கு வருகிறேன்.

'கெட்டியான பழைய வண்டி பாதுகாப்பானது' என்று உங்கள் மனைவி சொல்வது பரவலான நம்பிக்கை. காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் தன் 50ஆம் ஆண்டை ஒட்டி 2009இல் ஒரு சோதனை செய்தது. 1959ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவ்ரலே மாலிபுவையும் நேருக்கு நேர், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் மோதும்படி விட்டார்கள். பெல் ஏர் கனமான, நீளமான, தடித்த தகடு போட்ட வண்டி. அதன் ஓட்டுநர் பகுதி நசுங்கியது. பொம்மை ஓட்டுநர் உயிர்பிழைக்க வழியில்லை. மாலிபுவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, ஆனால் உள்ளே அமரும் கூடு அப்படியே நின்றது. முன்பக்கம் நொறுங்குவதுதான் அங்கே வடிவமைப்பு. மோதலின் விசையைத் தகடு மடிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மடியாத தகடு அதை உள்ளே இருப்பவரின் எலும்புக்குக் கொடுத்துவிடும்.

உங்கள் கார் பெல் ஏர் இல்லை, ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்குகளும் உள்ள 14 வயது வண்டி. எனவே இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. என்னை உறுத்துவது அதில் இல்லாத ஒன்று. எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக இஎஸ்சி, உங்கள் பட்டியலில் இல்லை. வளைவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் அதை உணர்ந்து, தேவைப்பட்ட ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் அமைப்பு அது. 1995இல் மெர்சிடிஸ் கார்களில் அறிமுகமாகி, பிறகு பல நாடுகளில் கட்டாயமாக்கப்பட்டது. வண்டி தானாகக் கட்டுப்பாடு இழந்து தனியாக மோதி உயிர்ச்சேதம் நேரும் விபத்துகளை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று ஐஐஎச்எஸ் ஆய்வுகள் கண்டன. சீட் பெல்ட்டுக்கு அடுத்து இவ்வளவு பலன் தந்த வேறு அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. நனைந்த நெடுஞ்சாலை, இரவு, குறுக்கே ஏதோ ஓடுகிறது, ஓராண்டு அனுபவமுள்ள கை ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டித் திருப்புகிறது. இஎஸ்சி உருவாக்கப்பட்டது அந்த ஒரு நொடிக்காகத்தான். ஏபிஎஸ் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, பிரேக்கை மிதிக்காமல் திருப்பும்போது வழுக்குவதை அது கண்டுகொள்ளாது. இஎஸ்சியைப் பழைய வண்டியில் பிறகு பொருத்திக்கொள்ளவும் முடியாது.

முகப்பு விளக்கையும் பாருங்கள். வெயில் பட்டுப் பட்டு பாலிகார்பனேட் கண்ணாடி மஞ்சளித்து மங்கியிருக்கும். உள்ளே புது பல்பு போட்டாலும் வெளிச்சம் வெளியே வராது. அதைத் தேய்த்து மெருகேற்றினால் சில மாதம் தாங்கும். மொத்தமாக மாற்றுவதே மேல். உங்கள் வழியில் தெருவிளக்கு இல்லாத பகுதி எவ்வளவு என்று மகளைக் கேளுங்கள்.

உங்களைப்போல் நம்பகமான வண்டி வைத்திருப்பவர்கள் 'நம்பகம்' என்பதற்குள் இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வண்டி நின்றுபோகாது என்பது ஒன்று. மோதினால் காப்பாற்றும் என்பது வேறொன்று. முதலாவதை உங்கள் கார் 14 ஆண்டுகளாக நிரூபித்துவிட்டது, அதற்குப் பெரும் பங்கு உங்களுடையது. இரண்டாவதை அது நிரூபிக்க வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை.

ஆகவே என் முடிவு: மாற்றுங்கள். பகலில், நகரத்துக்குள், நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதியிருந்தால், சோதனையில் உடலும் இன்ஜினும் தேறும் பட்சத்தில் 60ஐப் போட்டு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். காசுக் கணக்கு இப்போதும் பழைய வண்டியின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஆண்டுக்கு 21,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, அதில் ஒரு பகுதி இருட்டில், புதிய ஓட்டுநர் என்று மூன்றும் சேரும்போது 55 பங்கைக் கொடுத்து இஎஸ்சியையும் பக்கவாட்டு ஏர்பேக்குகளையும் வாங்குவது எனக்கு நியாயமான விலையாகவே படுகிறது.

புது வண்டி வேண்டாம். நான்கு அல்லது ஐந்து ஆண்டு ஓடியதைத் தேடுங்கள். வேகமாக விழும் விலையை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டிருப்பார். உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு அமைப்புகள் அந்த வயது வண்டிகளிலேயே கிடைக்கும். மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் விபத்துச் சோதனை மதிப்பெண்ணைப் பாருங்கள். நட்சத்திரத்தோடு, சோதனை எந்த ஆண்டில் நடந்தது என்றும் பாருங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகி வருவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்துக்குச் சமமாகாது. இஎஸ்சி அந்த மாடலில் இருக்கிறது என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். ஒரே மாடலின் மலிவான ரகத்தில் அது இல்லாமல் போகலாம். சாவியைத் திருப்பும்போது மீட்டர் பகுதியில், வழுக்கும் காரின் சிறு படம் போட்ட விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், அமைப்பு இல்லை அல்லது யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். சில வண்டிகளில் சக்கரம் பிடிப்பின்றி வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் அதே படம்தான் என்பதால், அந்த ரகத்துக்கான கையேட்டிலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட வண்டியின் அடையாள எண்ணை எடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் பழைய காருக்கும் இதைச் செய்யுங்கள், இன்றே. டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் காற்றடிக்கும் உறையில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் பட்டுக் கெட்டு, விரியும்போது உலோகச் சில்லுகளை வண்டிக்குள் தெறிக்கவிட்டது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதில் பாதிக்கப்பட்ட வண்டிகள் பல உங்கள் காரின் வயதுடையவை. கடிதம் போய்ச் சேராமல் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவையும் உண்டு. பட்டியலில் இருந்தால் தயாரிப்பாளர் பொதுவாக இலவசமாக மாற்றித் தருவார். வண்டியை நாளைக்கே விற்பதாக இருந்தாலும் அதை மாற்றாமல் விற்காதீர்கள்.

நல்ல வண்டி தேடிக் கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். மகள் அடுத்த மாதமே கிளம்புகிறாள். அந்த இடைவெளிக்குப் பழைய காரில் புஷ், ஷாக் அப்சார்பர், டயர் (தேதி கடந்திருந்தால்), பிரேக் ஆயில், முகப்பு விளக்கு இவற்றை மட்டும் செய்யுங்கள். சாலையைப் பிடித்து நிற்பதும் நிறுத்துவதும் இவைதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளட்ச்சைச் சோதித்துப் பாருங்கள்: நான்காம் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள். இன்ஜின் சுற்று மட்டும் எகிறி வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். சுற்றும் வேகமும் சேர்ந்தே ஏறினால் இன்னும் சில மாதம் தாங்கும். கம்ப்ரஸரை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்காக அந்தச் செலவு வேண்டாம். கண்ணாடி மூட்டத்துக்கு ஹீட்டரின் சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிச் சமாளிக்கலாம். டைமிங் பெல்ட் தவணை தாண்டியிருந்தால் அது மட்டும் வேறு வழக்கு; அறுந்தால் விற்பதற்கு வண்டியே இருக்காது.

விற்கும்போது ரசீதுக் கோப்பை வாங்குபவரிடம் கொடுங்கள், செய்யாமல் விட்ட வேலைகளையும் சொல்லிவிடுங்கள். வண்டி வியாபாரியிடம் அந்தக் கோப்புக்கு மதிப்பில்லை. பகலில் பக்கத்து ஊருக்குப் போய்வர வண்டி தேடும், கருவிப்பெட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு அதன் அருமை தெரியும். 100க்கு மேலேயே கொடுப்பார்.

புதிதாகப் பார்க்கும் வண்டிக்கும் நான் மேலே சொன்ன லிப்ட் சோதனை முழுவதையும் செய்யுங்கள். ஐந்து வயது வண்டிக்குத் துரு வராது என்று நினைக்க வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கியது, மோதி நேராக்கியது எல்லாம் பளபளவென்று துடைக்கப்பட்டுத்தான் விற்பனைக்கு வரும். சோதனை ஓட்டத்தை மகளே ஓட்டட்டும், முடிந்தால் இருட்டிய பிறகு. இருக்கையை அவளுக்கு ஏற்றபடி சரிசெய்த பின் கிளட்ச் முழுதாக மிதிபடுகிறதா, பக்கத்துக் கண்ணாடிகள் தெளிவாகத் தெரிகின்றனவா, எதிர்வண்டியின் வெளிச்சத்தில் சாலையோரக் கோடு கண்ணுக்குப் படுகிறதா என்று அவளையே கேளுங்கள். வண்டி உங்களுக்குப் பிடித்திருந்து அவளுக்கு இவற்றில் ஒன்று சரியில்லை என்றால், அடுத்த வண்டியைப் பாருங்கள்.